வார்ப்புருக்களுக்கு வாய்த்த மொழி



இந்த இதழிலிருந்து ஒரு புதிய தொடர் தொடங்குகிறது. விக்கிப்பீடியாவிலும் விக்சனரி போன்ற அதன் உடன்பிறப்புத் தளங்களிலும் உள்ள வார்ப்புருக்களை லுவா என்ற நிரல்மொழியில் எழுதக் கற்றுத்தரும் தொடர் அது. நம் வாசகர்களில் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலர் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறீர்கள். கட்டுரை எழுத வருகிறது, வார்ப்புருவைத் தொடத்தான் கை நடுங்குகிறது என்று உங்களில் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். அந்த நடுக்கத்துக்குக் காரணம் உங்கள் அறியாமை என்று நினைக்க வேண்டாம். வார்ப்புருக்கள் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த முறையே யாருக்கும் நடுக்கம் தரக்கூடியது. அந்த முறை எப்படி வந்தது, அதற்கு மாற்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

விக்கிப்பீடியாவில் ஓர் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால் ஓரத்தில் ஒரு தகவல் பெட்டி இருக்கும். மாவட்டம், மக்கள்தொகை, பரப்பளவு, அஞ்சல் குறியீடு, வரைபடம் எல்லாம் அதில் ஒழுங்காக அமர்ந்திருக்கும். கட்டுரையின் அடியில் சான்றுகள் ஒரே வடிவில் வரிசையாக நிற்கும். இவற்றையெல்லாம் எழுதியவர் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக வடிவமைப்பதில்லை. இரட்டை நெளி அடைப்புக்குள் வார்ப்புருவின் பெயரையும் தேவையான விவரங்களையும் மட்டும் தருகிறார். மிச்ச வேலையை வார்ப்புரு பார்த்துக்கொள்கிறது. பெட்டியின் நிறத்தை மாற்ற நினைத்தால் வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தினால் போதும், அதைப் பயன்படுத்தும் அத்தனை பக்கங்களும் மாறிவிடும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இந்த வசதி 2004-ல் வந்தது. முதலில் அது வெறும் இட்டு நிரப்பும் வேலைதான். ஆனால் எழுதுபவர்களுக்கு விரைவிலேயே நிபந்தனைகள் தேவைப்பட்டன. அஞ்சல் குறியீடு தரப்பட்டிருந்தால் அந்த வரியைக் காட்டு, தராவிட்டால் மறைத்துவிடு என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்ல மென்பொருளில் வழியில்லாததால், வார்ப்புருவுக்குள் வார்ப்புருவை அழைத்துச் சுற்றுவழியில் நிபந்தனைகளை உருவாக்கினார்கள். இவை சேவையகங்களுக்குச் சுமையாகின்றன என்று பெரிய விவாதமே நடந்தது. 2006-ல் ஆஸ்திரேலியரான டிம் ஸ்டார்லிங் என்ற மீடியாவிக்கி நிரலாளர், நிபந்தனை, ஒப்பீடு, எளிய கணக்கு ஆகியவற்றுக்கென்று ‘பார்சர் ஃபங்ஷன்’ எனப்படும் கட்டளைகளைச் சேர்த்தார். அன்றைய தேவைக்கு அது நல்ல தீர்வுதான். ஆனால் கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். நிபந்தனைக்காகச் செய்த சில கட்டளைகளை வைத்து முழு நிரல்களையே எழுதத் தொடங்கினார்கள்.

அந்த நிரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று போனால் முடிவில் எட்டுப் பத்து அடைப்புகள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்று குறைந்தால் பெட்டி முழுவதும் உடைந்து பக்கமெங்கும் சிதறும். எந்த அடைப்பு எதை மூடுகிறது என்று விரல் வைத்து எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படிக்க வசதியாக வரி பிரித்து எழுதலாம் என்றால், அந்த வெற்று வரிகளும் கட்டுரைக்குள் வந்து விழும். அதனால் எல்லாவற்றையும் ஒரே வரியில் நெருக்கி எழுதினார்கள், அல்லது வரிமுறிவுகளைக் குறிப்புரைகளுக்குள் ஒளித்துவைத்தார்கள். ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ள மாறி கிடையாது. சுழற்சி கிடையாது. ஒரே வேலையை இருபது முறை செய்ய வேண்டுமென்றால் இருபது முறை எழுத வேண்டும்.

ஒரு சொல்லின் நீளத்தைக் கண்டுபிடிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிரல்மொழியிலும் அது ஒரு கட்டளை. வார்ப்புருவில் அதற்கு நேரடி வழியே இல்லை. எண்களுக்கு முன்னால் பூச்சியங்களை நிரப்பித் தரும் வசதி ஒன்று இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியர்கள் அதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்தினார்கள். சொல் இவ்வளவு நீளம் இருக்குமா, இல்லாவிட்டால் இவ்வளவு இருக்குமா என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு விடையை நெருங்கினார்கள். அவர்களுடைய பொறுமையையும் மதிநுட்பத்தையும் நான் மனதார மதிக்கிறேன். புளியங்கொட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு வட்டிக் கணக்கு போட்டு முடித்தவர்கள் அவர்கள்.

சொற்களைக் கையாளும் கட்டளைகளையும் சேர்த்துக் கொடுங்கள் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் தொடர்ந்தது. விக்கிப்பீடியாவும் அதன் உடன்பிறப்புகளும் அடங்கிய விக்கிமீடியா தளங்களில் அது ஏற்கப்படவில்லை. அந்த மறுப்பு பலருக்குக் கசப்பாக இருந்தது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. இன்னும் நான்கு கட்டளைகள் சேர்த்திருந்தால் அந்த அடைப்புக் காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போயிருப்போம். தேவைப்பட்டது உண்மையான ஒரு மொழி.

வேகமும் ஒரு காரணம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவை வாசிக்க மட்டும் வருபவருக்கு ஏற்கெனவே தயாரித்துச் சேமித்த பக்கம்தான் கிடைக்கிறது. வார்ப்புரு மெதுவாக ஓடினாலும் அவருக்குத் தெரியாது. தவிப்பவர் எழுதுபவர். அவர் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலும் பக்கம் முழுவதையும் மென்பொருள் புதிதாகக் கட்ட வேண்டும். சில நூறு சான்றுகள் கொண்ட பெரிய கட்டுரையில் ஒவ்வொரு சான்றுக்கும் அந்தப் பெரிய மேற்கோள் வார்ப்புரு முழுதாக ஓடும். நூலாசிரியர் பெயர் உண்டா, இரண்டாம் ஆசிரியர் உண்டா, பதிப்பாளர் உண்டா, ஆண்டு உண்டா என்று ஒவ்வொரு முறையும் அத்தனை கேள்விகளும் கேட்கப்படும். சேமி பொத்தானை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. வார்ப்புருக்கள் விரிந்து உருவாகும் அளவுக்கு ஒரு பக்கத்துக்கு 2 எம்பி என்ற உச்சவரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் அதன்பின் வரும் வார்ப்புருக்கள் விரியாமல் வெறும் பெயராக நின்றுவிடும். உழைத்து வளர்த்த கட்டுரைதான் இந்த வரம்பில் முதலில் முட்டும் என்பது வேதனையான விஷயம்.

இந்தச் சிக்கலுக்கு விடை பிரேசிலிலிருந்து வந்தது.

லுவா 1993-ல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராபர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் என்ற மூவர் அதை உருவாக்கினார்கள். அந்தக் காலத்துப் பிரேசிலை நினைத்துப் பார்க்க வேண்டும். உள்நாட்டுத் தொழிலை வளர்க்க, கணினிகளையும் மென்பொருள்களையும் வெளிநாட்டிலிருந்து வாங்குவதற்கு 1977 முதல் 1992 வரை கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. வேண்டியதை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் வழி அடைபட்டிருந்ததால், பல்கலைக்கழகத்தின் டெக்கிராஃப் என்ற குழு தனக்குத் தேவையான கருவிகளைத் தானே செய்யப் பழகியது. அந்தக் குழுவின் முக்கிய வாடிக்கையாளர் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனம். அதன் பொறியாளர்களுக்காக டெல், சோல் என்று இரண்டு சிறிய மொழிகளை முதலில் செய்தார்கள். ஒன்று விவரங்களைப் பதிவு செய்ய, மற்றொன்று பாறை அடுக்குகள் பற்றிய அறிக்கைகளை வடிவமைக்க. பயன்படுத்தியவர்கள் மேலும் மேலும் கேட்டார்கள். நிபந்தனை வேண்டும், சுழற்சி வேண்டும் என்றார்கள். விக்கிப்பீடியர்கள் பின்னாளில் கேட்டதும் இவையே. ரியோவில் இருந்தவர்கள் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்கவில்லை. இரண்டு சிறு மொழிகளையும் கைவிட்டு, முழுமையான ஒரு மொழியைச் செய்தார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று. லுவாவை முதலில் பயன்படுத்தப் போகிறவர்கள் நிரலாளர்கள் அல்லர் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எண்ணெய் தேடும் பொறியாளர்களும் நிலவியலாளர்களும் தங்கள் வேலைக்கு நடுவே எழுத வேண்டிய மொழி அது. அதனால் புரியாத குறியீடுகளைத் தவிர்த்தார்கள். விக்கிமீடியா பயன்படுத்தும் 5.1 பதிப்பில் மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொற்கள் 21 மட்டுமே. விவரங்களைச் சேமிக்க அட்டவணை என்ற ஒரே அமைப்புதான் உண்டு. பட்டியலுக்கும் அதுதான், பெயரும் பொருளுமாக இணைத்து வைப்பதற்கும் அதுதான். பட்டியலில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்காமல், நாம் எண்ணுவதுபோல் ஒன்றில் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு மாலையில் விக்கிப்பீடியாவில் அமரும் ஆசிரியரை நினைத்துச் செய்ததுபோல் இருக்கிறது.

லுவாவின் வேறு ஒரு குணம் விக்கிமீடியா நிரலாளர்களை ஈர்த்தது. அது மிகச் சிறியது. இன்னொரு மென்பொருளுக்குள் உட்கார்ந்து வேலை செய்யவே பிறந்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டிலும் அடோபி லைட்ரூமிலும் அது அப்படித்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய தளத்தில், முகம் தெரியாதவர் எழுதும் நிரலைத் தன் சேவையகத்தில் ஓடவிடுவது சாதாரண துணிச்சல் அல்ல. வேலியை மிகக் கவனமாகப் போட வேண்டும். லுவாவுக்கு அந்த வேலியைப் போடுவது எளிது. விக்கியில் ஓடும் லுவா நிரலால் சேவையகத்தின் கோப்புகளைத் திறக்க முடியாது, வெளி இணையத்தைத் தொட முடியாது. ஒரு பக்கத்துக்கு 10 வினாடி நேரமும், தொடக்கத்தில் 50 எம்பி நினைவகமும் என்று அளந்து கொடுத்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் கூடாதா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. இத்தனை இறுக்கமாகக் கட்டுப்படுத்த லுவாவே ஏற்றது என்று தீர்மானித்தார்கள்.

விக்டர் வசிலியேவ், டிம் ஸ்டார்லிங், பிராட் ஜார்ஷ் ஆகியோரின் உழைப்பில், மீடியாவிக்கிக்குள் லுவாவை ஓடவைக்கும் ஸ்கிரிபுன்டோ என்ற நீட்சி உருவானது. 2006-ல் பார்சர் ஃபங்ஷன்களை எழுதிய அதே ஸ்டார்லிங்தான், அவற்றின் எல்லையை உணர்ந்து மாற்றையும் முன்னின்று கொண்டுவந்தார். தன் கையால் செய்த ஒன்றைத் தாண்டிப் போகும் அந்த மனம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. 2013 பிப்ரவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவிலும், மார்ச் 13 அன்று தமிழ் உள்ளிட்ட மற்றெல்லா விக்கிமீடியா தளங்களிலும் லுவா வந்துசேர்ந்தது. மேற்கோள் வார்ப்புருக்கள்தான் முதலில் மாற்றப்பட்டவற்றுள் முக்கியமானவை. பெரிய கட்டுரைகளைச் சேமிக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

கட்டுரை எழுதுபவர் எழுதும் முறையில் இதனால் எதுவும் மாறவில்லை. அவர் எழுதும் அதே வார்ப்புரு, அதே பெயர், அதே விவரங்கள். வார்ப்புருவுக்குள் மட்டும், முன்பு நூற்றுக்கணக்கான அடைப்புகள் இருந்த இடத்தில், இன்ன பக்கத்தில் உள்ள இன்ன நிரலை அழை என்ற ஒற்றை வரி இருக்கும். அந்த நிரல் தனக்கென்று ஒரு பக்கத்தில், வரி பிரித்து, குறிப்புகளோடு, படித்துப் புரிந்துகொள்ளும்படி இருக்கும். பல பக்கங்களில் வேண்டிய பெரிய விவரப் பட்டியலைத் தனியாக வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரே முறை மட்டும் ஏற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

தமிழுக்கு வருகிறேன். இந்தத் தொடரை மொழிபெயர்த்துப் போடாமல் புதிதாக எழுத வைப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும். லுவாவின் சாதாரண நீளக் கட்டளையிடம் கேட்டால் 15 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது, எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. இதை அறிந்துதான் ஸ்கிரிபுன்டோவில் யூனிகோடுக்கென்றே தனிக் கட்டளைகள் சேர்த்திருக்கிறார்கள். அவற்றிடம் கேட்டால் 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அவை தனித்தனியாக எண்ணுகின்றன. ஆங்கிலம் எழுதுபவருக்கு இந்த மூன்று கணக்கும் ஒன்றேதான், அதனால் அங்கிருந்து வரும் வழிகாட்டிகளில் இந்தச் சிக்கல் விளக்கப்பட்டிருக்காது. ஒரு பெயரின் முதல் எழுத்தை வைத்து அகரவரிசைப் பட்டியல் போட நினைத்து, சாதாரணக் கட்டளையால் முதல் இடத்தை வெட்டினால் எழுத்து பைட்டுகளுக்கு நடுவே உடைந்து கேள்விக்குறி போட்ட கட்டம்தான் திரையில் தெரியும். யூனிகோடு கட்டளையால் வெட்டினாலும் ‘மீனாட்சி’ என்ற பெயரில் ‘ம’ மட்டும் வரும், நெடில் குறி அறுந்து பின்தங்கிவிடும். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் முந்தைய மெய்யோடு சேர்த்து எண்ணும்படி நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். லுவாவில் அது சில வரி வேலை. பழைய முறையில் அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், மாறிகளின் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் வார்ப்புருவுக்குத் தரும் விவரங்களின் பெயர்களை மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே வைக்கலாம். ‘பெயர்’, ‘பிறந்த ஊர்’, ‘மக்கள்தொகை’ என்று கட்டுரையாளர் நிரப்ப, நிரல் அவற்றை அப்படியே படித்துக்கொள்ளும்.

இன்னொரு கவலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவின் நிரல்களை அப்படியே கொண்டுவந்து இடுவது தமிழில் வழக்கமாக இருக்கிறது. ஆள்பலம் குறைவாக இருக்கும்போது அது தவிர்க்க முடியாதது, அதைச் செய்துவரும் தன்னார்வலர்கள் இல்லையென்றால் பல பக்கங்கள் நின்றே போயிருக்கும். ஆனால் ஒரு நிரல் பத்து நிரல்களை அழைக்கும், அவை வேறு சிலவற்றை அழைக்கும். ஒன்றைப் புதுப்பித்து மற்றொன்றை விட்டால் கட்டுரைகளில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்து நிற்கும். மேற்கோள் நிரல் தேதி சரியா என்று சோதிக்கிறது. மாதப் பெயர்களை அதன் அமைவுப் பக்கத்தில் தமிழில் தராவிட்டால் நம் தேதி அதற்குப் பிழையாகவே தெரியும். ‘ஜனவரி’ என்று எழுதுபவரும் ‘சனவரி’ என்று எழுதுபவரும் நம்மிடையே இருக்கிறார்கள், இரண்டையும் அது அறிந்திருக்க வேண்டும். இதை வெளியிலிருந்து யாரும் வந்து சரிசெய்து தர மாட்டார்கள். அந்த அமைவுப் பக்கத்தைத் திறந்து, படித்து, தயக்கமில்லாமல் திருத்தத் தெரிந்த தமிழர்கள் இன்னும் கொஞ்சம் பேர் வேண்டும். தொடரின் நோக்கம் இதுதான்.

லுவா வந்ததால் வார்ப்புரு எழுதுவது நிரலாளர் கைக்குப் போய்விட்டது, சாதாரணத் தொகுப்பாளர் ஒதுக்கப்பட்டார் என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் அடைப்புக் காடாக இருந்தபோதும் மிகச் சிலர்தான் அதற்குள் நடமாடினார்கள், அங்கே கற்றது வேறெங்கும் பயன்படவும் இல்லை. லுவா கற்றால் ரெடிஸ் தரவுத்தளம் முதல் லுவாடெக் அச்சுக்கோப்பு வரை அது கூடவரும். வேகத்துக்கும் எல்லை உண்டு. பல மொழிச் சொற்கள் ஒரே பக்கத்தில் குவியும் ஆங்கில விக்சனரியில், சில பக்கங்கள் நினைவக வரம்பைத் தாண்டிப் பாதியில் நின்றிருக்கின்றன. அதே விக்சனரியில்தான் தமிழ்ச் சொற்களுக்கு ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பைத் தானே கணக்கிட்டுத் தரும் லுவா நிரலும் இருக்கிறது. நம் சொல் ஒன்றை அங்கே தேடிப் பார்த்தால் அது வேலை செய்வதைக் காணலாம்.

முதல் பாடம் இந்த இதழிலேயே இருக்கிறது. கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், உலாவி போதும். லுவா நிரலுக்கான பக்கம் ஒன்றைத் தொகுக்கத் திறந்தால் அடியில் ஒரு சோதனைப் பெட்டி இருக்கும். சமக்குறி போட்டு ஒரு கோவையை எழுதி உள்ளிட்டால் விடை அங்கேயே வரும், எதையும் சேமிக்கத் தேவையில்லை. பலர் பயன்படுத்தும் நிரலில் கை வைக்கும் முன் அதன் மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் பழகுங்கள். ஒரு நிரலில் நேரும் பிழை அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களிலும் தெரியும் என்பதால்தான், அதிகம் பயன்படும் நிரல்களைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

முதல் மாதப் பயிற்சி, ஒரு சொல்லைக் கொடுத்தால் அதில் எத்தனை தமிழ் எழுத்து என்று சரியாகச் சொல்லும் நிரல். ‘தமிழ்’ என்றால் 3, ‘மீனாட்சி’ என்றால் 4 வர வேண்டும். ‘க்ஷ’ வரும் சொற்களை எப்படி எண்ணுவது என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன், நிரலோடு காரணத்தையும் சேர்த்து எங்களுக்குக் கடிதமாக எழுதுங்கள். வந்தவற்றுள் தெளிவாக எழுதப்பட்டவற்றை விளக்கத்தோடு அடுத்த இதழில் வெளியிடுகிறோம். எந்த வார்ப்புரு உங்களுக்கு அதிகத் தொல்லை தருகிறது என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள். தொடரின் பின்பகுதியில் அவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்